டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் முன்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் "டைமிங் சரியில்ல" என்ற பேச்சு வந்துவிடும். டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம். வண்டி இழுக்கவில்லையா, டைமிங். ஹீட் ஆகிறதா, டைமிங். சூடாக இருக்கும்போது செல்ஃப் அடித்தால் உதைக்கிறதா, அதுவும் டைமிங். உடனே பானட்டைத் தூக்கி, கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிளக்குகளுக்கு முறைப்படி கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பி, காதுக்கு எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே டைட் வைத்துவிட்டு "இனி ஓட்டிப் பாருங்க" என்பார்கள். எனக்கு இதில் கடுமையான ஆட்சேபம் உண்டு. நேற்று வரை சரியாக ஓடிய வண்டியில் டைமிங் தானாக மாறாது, ஏதோ ஒரு பாகம் தேய்ந்தோ துருப்பிடித்தோ தளர்ந்தோ அதை மாற்றியிருக்கிறது. அது எதுவென்று பார்க்காமல் திருப்பி வைத்தால் கேடு அங்கேயே இருக்கும், அதன் அடையாளம் மட்டும் கொஞ்ச நாளைக்கு மறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல். அப்பா ஓட்டியது, இப்போது என் பொறுப்பில். வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். கடல் அதிக தூரமில்லை, உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. போதாததற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியில் ஒரு தடவை நனைந்து, ஐப்பசியில் இன்னொரு தடவை நனையும் வண்டிக்குள் என்னென்ன பூக்கும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கேடு வந்த விதத்தைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் போய் வரும்போது ஒரு குறையும் இருக்காது, ஸ்லோ ஸ்பீட் அடங்கி ஒழுங்காக ஓடும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் ஏற ஆரம்பித்தால் மூச்சு நின்றுவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது, டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே போகும். ஒரு பட்டறையில் காட்டினோம். காதால் கேட்டு அட்வான்ஸ் பண்ணி, அதாவது பொறி முன்னதாக விழும்படி திருப்பிக் கொடுத்தார்கள். பிக்கப் வந்துவிட்டது, எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஆடிமாதக் காற்று வரைக்கும்தான். தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழி இடைவெளி வழியாகப் பாயும் சமயத்தில் நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். வள்ளியூர்ப் பக்கமிருந்து திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே சமதள ரோட்டில் போனாலும் இன்ஜினுக்கு அது மலையேற்றம்தான். அங்கே டாப் கியரில் மிதித்தபோது நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை ஒழுங்கில்லாமல் வெடிக்கும் சத்தம்) கேட்டது, தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. வண்டியை ஓரம் கட்டி ஒரு டீ குடித்துவிட்டு செல்ஃப் அடித்தால், மோட்டார் பாதி சுற்றிவிட்டுத் திருப்பி உதைக்கிறது. இரண்டுமே டைமிங் அளவுக்கு மீறி முன்னால் போய்விட்டதற்கான அடையாளங்கள்.

அதாவது ஒரே வண்டி, ஏற்றத்தில் டைமிங் பிந்தியது போலவும், எதிர்காற்றில் முந்தியது போலவும் நடந்துகொண்டது. டிஸ்ட்ரிபியூட்டரை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது என்றால், பிரச்சினை அதை வைக்கும் இடத்தில் இல்லை, அதற்குள்ளே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அட்வான்ஸ் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பிளக்கில் பொறி விழுந்த உடனே சிலிண்டருக்குள் முழு அழுத்தமும் வந்துவிடாது. தீ பரவச் சிறிது நேரம் வேண்டும். பிஸ்டன் மேல் முனையைத் தாண்டிக் கீழே இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் அது கிராங்கை நன்றாகத் தள்ளும். அதனால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பொறி விழ வேண்டும். 800 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டில் கிராங்க் சுற்றுவது 4.8 டிகிரி. 3000 ஆர்பிஎம்மில் அதே மில்லிசெகண்டில் 18 டிகிரி. தீ பரவும் நேரம் அந்த விகிதத்தில் குறைவதில்லை, ஆகவே வேகம் கூடக் கூட பொறி இன்னும் முன்னால் போயாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் (அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும்) உட்கார்ந்திருக்கும் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு சின்ன எடைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளும். ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்போது எடைகள் வெளியே விரிந்து, பாயிண்ட்டைத் திறந்து மூடும் கேமைச் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் முன்னால் தள்ளும். இது போக, ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்து சீராக ஓடும்போது கூடுதல் அட்வான்ஸ் கொடுப்பதற்கு கார்புரேட்டரில் இருந்து ஒரு மெல்லிய குழாயும், அதன் முனையில் டயஃப்ரம் உள்ள வேக்குவம் டப்பாவும் இருக்கும்.

ஸ்லோ ஸ்பீடில் நாம் வைக்கும் டைமிங் இந்த நீண்ட கோட்டின் ஒரே ஒரு புள்ளி. மீதிக் கோட்டை எடைகளும் வேக்குவமும்தான் போடுகின்றன. எங்கள் வண்டியில் எடைகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. ஆரம்பப் புள்ளி சரியாக இருந்தது, அதற்கு மேல் நகரவே இல்லை. பட்டறையில் ஆரம்பப் புள்ளியைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். வேகத்தில் இல்லாத அட்வான்ஸில் பாதி அப்படிக் கிடைத்தது, ஆனால் மெதுவாக, பாரம் அதிகமாக ஓடும்போது தேவையில்லாத அட்வான்ஸும் கூடவே வந்துவிட்டது. நாக்கிங் அதனால்தான். இந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்கும் ஹெட் கேஸ்கட்டும் போகும்.

தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக் இருக்கிறார். அம்பாசிடர் டாக்ஸிகள் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வரிசையாக ஓடிய காலத்தில் இருந்து இந்த இன்ஜினைப் பார்த்தவர். அவர் சொன்னது ஒரே வரி. "டைமிங் கடைசியிலயாக்கும் வைக்கது மக்கா. மத்ததெல்லாம் பாத்து முடிச்ச பொறவு." அவர் வேலை செய்யும் வரிசையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் கற்றுக்கொண்டதுதான் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி.

முதலில் கிளாம்ப். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், மேலே பார்க்க வேண்டிய வேலை பாதி குறைந்தது. அசையவில்லை என்றால், எதையும் தொடும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் பாடிக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். எங்கிருந்து ஆரம்பித்தோம் என்பது தெரிய வேண்டும்.

அடுத்தது பாயிண்ட். எங்கள் வண்டியில் உள்ளது போன்ற லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் இடைவெளி 14 முதல் 16 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட்டின் ஹீல் கேமில் உரசி உரசித் தேயும்போது இடைவெளி குறையும், அது குறைந்தால் பாயிண்ட் திறப்பது தாமதமாகி டைமிங் ரிடார்ட் ஆகும், அதாவது பிந்தும். இடைவெளி கூடினால் அட்வான்ஸ். அதனால்தான் இந்த இடைவெளியைச் சரியாக வைக்காமல் டைமிங் வைப்பதில் அர்த்தமே இல்லை, நாளைக்கு யாராவது பாயிண்ட்டைச் சரிசெய்த உடனே இன்று வைத்த டைமிங் போய்விடும். இன்னொன்று, பழைய பாயிண்ட்டில் ஒரு பக்கம் மேடும் எதிர்ப்பக்கம் குழியும் விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் மேட்டின் மேல் உட்கார்ந்து 15 தௌ என்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். மேட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும் அல்லது பாயிண்ட்டையே மாற்ற வேண்டும். புது பாயிண்ட் சீக்கிரமே இப்படிக் கருகினால், பாயிண்ட்டில் தீப்பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சரைச் சந்தேகப்படலாம்.

மூன்றாவது ஷாஃப்ட். அதன் தலையில் சுற்றிக் கரண்ட்டைப் பங்கிடும் ரோட்டாரைக் கழற்றி, ஷாஃப்ட்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. புஷ் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி வைப்பது பெரிய தொல்லை. நிற்கும்போது ஒரு அளவு, ஓடும்போது வேறு அளவு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவு. பொறி ஒரே இடத்தில் விழாமல் சிதறும். 3000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறி, அத்தனையும் கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் விழுந்தால் இன்ஜின் எப்படி அடங்கி ஓடும்?

நான்காவதுதான் எங்கள் வண்டியில் மாட்டியது. ரோட்டாரை மறுபடி மாட்டி, அது சுற்றும் திசையில் விரலால் திருப்புங்கள். கொஞ்ச தூரம் ஸ்பிரிங்கோடு போய், விட்டவுடன் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எங்களுடையது பலம் கொடுத்தால்தான் அசைந்தது, விட்டால் அங்கேயே நின்றது. பிளேட்டைக் கழற்றிக் கீழே பார்த்தபோது எடைகளின் ஊசிகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு, பழைய கிரீஸ் அதோடு கலந்து காய்ந்து மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு ஸ்பிரிங் மற்றதைவிடத் தடிமனாக இருப்பதைப் பார்த்து யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருப்பார்கள். மெல்லியது முதலில் இளகும், தடித்தது மேல் வேகத்தில் வேலைக்கு வரும். இந்த ஸ்பிரிங்குகளை இழுத்துப் பார்ப்பதோ வளைத்துக் கழற்றுவதோ கூடாது. அந்தக் கம்பியின் இழுவைதான் அட்வான்ஸ் கோட்டின் அளவுகோல், நீண்டுவிட்டால் வேறு எங்கும் அதைச் சரிக்கட்ட முடியாது.

வேக்குவத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் பிளேட் நகர வேண்டும். நாக்கால் குழாயை அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இதைச் செய்யும்போதே பிளேட்டில் இருந்து பாடிக்குப் போகும் குட்டி எர்த் வயரையும், வெளியிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் வயரையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பிளேட் நகரும்போதும் இவை மடங்கி நிமிர்கின்றன. பல வருடம் கழித்து உறைக்குள்ளேயே இழைகள் அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. பிளேட் ஒரு நிலையில் இருக்கும்போது கரண்ட் வரும், நகர்ந்தால் நின்றுவிடும். ஓட்டுபவருக்கு அது டைமிங் கோளாறாகவே தோன்றும்.

மழைக்காலத்தில் கேப்பையும் மறக்காதீர்கள். உள்பக்கம் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்தது போன்ற மெல்லிய கரிக்கோடு சில சமயம் தெரியும். ஈரத்தில் அந்த வழியாகக் கரண்ட் தாவி, முறை வராத சிலிண்டரில் பொறி போடும். சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும், கேப்பை மாற்றிவிடுவதே நல்லது.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் டைமிங். அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி சீரிஸ் குடும்பம், 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே அளவு இன்ஜின்தான். அதனால் இங்கிலாந்துக்காரர்கள் எழுதிவைத்த செய்முறைகள் நமக்கு நிறைய உதவும். ஆனால் அவர்கள் சொல்லும் டிகிரியை அப்படியே எடுத்து வைக்காதீர்கள், கம்ப்ரஷன் வேறு, டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் கோடும் வேறு. உங்கள் வண்டி மேனுவலில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜின் லேசாகச் சுற்றும். ஹேண்டில் போட முடிந்தால் ஹேண்டில், இல்லாவிட்டால் டாப் கியரில் போட்டு யாரையாவது பைய தள்ளச் சொல்லுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வையுங்கள், விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன். வெறுமனே புல்லி அடையாளத்தை மட்டும் பார்த்தால் எக்சாஸ்ட் முடியும் சமயத்திலும் அது அதே இடத்துக்கு வரும், ரோட்டார் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். புல்லியில் ஒரு வெட்டு இருக்கும், டைமிங் கவரில் பற்கள் இருக்கும், நீளமான பல் டாப் டெட் சென்டர். வெட்டில் சாக்பீஸ் தேய்த்துவிடுங்கள். அடையாளத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பி நிறுத்தாமல், நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடியும் முன்னோக்கியே வந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டைமிங் செயினில் உள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன வயர் முனையிலும் மற்றதை பாடியிலும் கொடுத்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடம்தான். பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியை அதிக நேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடாகும்.

பல்பு வைத்துப் பார்ப்பது வண்டி ஓட ஆரம்பிக்கப் போதும். ஆனால் டைமிங் லைட் ஒன்று வாங்கிவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன், அது டைமிங் வைப்பதற்கு உதவுவதைவிட நோயைக் காட்டுவதற்கு அதிகம் உதவும். வேக்குவம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, முதல் பிளக் வயரில் கிளிப்பை மாட்டி, வெளிச்சத்தைப் புல்லியில் அடியுங்கள். சாக்பீஸ் கோடு ஒரே இடத்தில் நின்று, ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது சீராக முன்னால் நகர்ந்தால் எல்லாம் நலம். நிற்காமல் முன்னும் பின்னும் துடித்தால் புஷ், அல்லது செயின். வேகம் கூட்டியும் நகரவில்லை என்றால் எடைகள் இறுகியிருக்கின்றன. எங்கள் வண்டியில் பார்த்தது இதைத்தான், கோடு ஆணி அடித்தது போல நின்றது. ஸ்லோ ஸ்பீடிலேயே பாய்ந்து முன்னால் போனால் ஸ்பிரிங் தளர்ந்தோ அறுந்தோ போயிருக்கிறது. அப்படி ஒரு வண்டியை ஸ்லோவில் சரியாக வைத்தால் ஸ்டார்ட் பண்ணும் வேகத்தில் டைமிங் பிந்திவிடும், காலையில் எளிதில் பிடிக்காது.

காதால் டைமிங் வைக்கும் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மூத்த மெக்கானிக்கே கடைசியில் ஏற்றத்தில் ஓட்டி, சத்தம் கேட்டுத்தான் ஒரு நூல் அளவு முன்னே பின்னே மாற்றினார். லூகாஸில் அதற்கென்றே சின்ன திருகு ஒன்று உண்டு, ஒரு பக்கம் A, மறுபக்கம் R என்று இருக்கும். ஆனால் எல்லா பாகமும் ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில்தான் காது உண்மை சொல்லும்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் அதிகம், அந்த வகையில் டைமிங்குக்கு நல்லதே. ஆனால் எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும், பழைய கார்புரேட்டரின் ஜெட்டோ சுத்த பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டது. கலவை மெலிந்து, மிதித்தவுடன் ஒரு தயக்கமும் சூடும் வரும். இதைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் ஆட்கள் இந்த ஒரு வருடத்தில் கூடிவிட்டார்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக வெளுத்திருந்தால் முதலில் கலவையைக் கவனியுங்கள், மெனிஃபோல்டில் எங்கேனும் காற்று உறிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் கெடுக்கும், அதையும் மாற்றிவிடுவது உங்கள் பாதுகாப்புக்கு.

எலக்ட்ரானிக் கிட் போட்டால் எல்லாம் சரியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. பாயிண்ட் தேய்மானம் என்ற ஒரு கவலை அதில் போய்விடும், அது உண்மை. இறுகிய எடைகள் இறுகியேதான் இருக்கும்.

எங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எடைகளின் ஊசிகளை மெல்லிய எமரி பேப்பரால் துடைத்து, ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு மாட்டினோம். புஷ்ஷும் லேசாக ஆடியது, லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து வாங்கிப் போட்டோம். டைமிங்கை மேனுவல் அளவுக்கே திருப்பி வைத்தோம். பேச்சிப்பாறை ஏற்றத்தில் இப்போது மூன்றாம் கியரில் தாராளமாக இழுக்கிறது, முள் பாதியிலேயே நிற்கிறது, முப்பந்தல் எதிர்காற்றில் ஒரு சத்தமும் இல்லை. கடல் பக்கம் இருப்பவர்கள் மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்ட பின் ஒரு தடவை ரோட்டாரை உருவி, அதன் கீழே தெரியும் திருகின் தலையில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள், அது ஷாஃப்ட் வழியே உள்ளே இறங்கும். கேமில் துளி கிரீஸ் தடவுங்கள், பாயிண்ட்டில் படாமல்.

இன்னொரு வேண்டுகோள். மாவட்டத்தில் அம்பாசிடர்களை இரும்பு விலைக்கு உடைப்பது இப்போதும் நடக்கிறது. உடைக்கும் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அந்த இரண்டு ஸ்பிரிங்குகள் நல்ல நிலையில் இருந்தால், அதே நம்பர் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்திருக்கும் இன்னொருவரின் வண்டி ஓடும்.